வலிக்காத கால் ஆணிக்கு கார்ன் கேப் ஒட்டலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. வலது பெருவிரலுக்குக் கீழே கால் ஆணி தடித்துவிட்டது. "வலியே இல்ல, மெடிக்கல்ல கார்ன் கேப் வாங்கி ஒட்டிக்கிறேன்" என்கிறார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்க மாலையும் போட்டிருக்கிறார். விடலாமா? - ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: ஒட்டவே கூடாது. ஒட்டியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். கார்ன் கேப்பின் நடுவில் இருப்பது சாலிசிலிக் அமிலம். தடித்த தோலைக் கரைத்த பிறகு அது நல்ல தோலையும் விடாது. உணர்வுள்ள கால் என்றால் எரிச்சல் தாங்காமல் நாமே பிய்த்துப் போட்டுவிடுவோம். உங்கள் அப்பாவுக்கு அந்த எரிச்சலே தெரியாமல் போகலாம்.

அவர் சொல்லும் "வலியே இல்ல" என்பதுதான் எனக்குக் கவலை. அந்த இடத்தில் ஆணி தடித்தால் நடக்கும்போது குத்த வேண்டும். குத்தவில்லை என்றால் நரம்பு மரத்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று ராத்திரி நல்ல வெளிச்சத்தில் அவர் காலை உங்கள் மடியில் வைத்துப் பாருங்கள். தடித்த தோலுக்கு அடியில் கருஞ்சிவப்பாகப் பொட்டு தெரிந்தால் அது அழுக்கு இல்லை, உள்ளே கசிந்த ரத்தம். மேலே தோல் மூடியிருக்க, அடியில் புண் ஆரம்பித்திருக்கும். சாக்ஸில் கறை, வாடை, பாதத்தில் சூடு, வீக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் காலையில் முதல் வேலையாக மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலும் இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஆணியைச் சீவி எடுப்பது மருத்துவருக்குச் சின்ன வேலை. ஆனால் அதற்கு முன் காலில் ரத்த ஓட்டம் பார்த்தாக வேண்டும். கையிலும் கணுக்காலிலும் பிரஷர் எடுத்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்துப் பார்ப்பார்கள். 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு. சரி, நார்மல் என்று வந்துவிட்டால்? அப்போதும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வெகுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு ரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துவிடும். பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அது அமுங்காது. அதனால் அளவு கூடுதலாகக் காட்டும். அடைப்புள்ள கால்கூட நார்மலாகத் தெரியும். 1.4 வந்தால் கால் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இழுத்து, நின்றால் விட்டுவிடுகிறது என்று அப்பா சொன்னால், "கால் விரல்ல பிரஷர் எடுக்கலாமா, டாப்ளர் பார்க்கலாமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். டாப்ளர் என்பது ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்.

ஆமாம், நீங்களேதான் கேட்க வேண்டியிருக்கிறது. செருப்பை அறை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் நோயாளி டாக்டர் முன்னால் வந்து நிற்கிறார். அப்படியும் அந்தக் காலை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்கச் சில நிமிடங்கள் போதும். சீட்டில் சுகர் இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, கிரியாட்டினின் இருக்கிறது. கால் என்று ஒரு வரி கிடையாது. விரலை எடுக்கும் நிலை வந்த பிறகு மட்டும் எல்லோரும் காலைப் பார்க்கிறார்கள்!

இந்த இடைவெளியில்தான் ஏஜென்ட்டுகள் நுழைகிறார்கள். கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் என்பார்கள். அதிரும் மெஷினில் காலை வைக்கச் சொல்லி, "செத்த நரம்பு உயிர் பெறும்" என்று ஆயிரக்கணக்கில் கறப்பார்கள். அப்படி எந்த மெஷினும் கிடையாது. இன்னொரு கூட்டம் பேப்பரில் காலை வரைந்து முன்பணம் வாங்கிக்கொண்டு, சாதாரணச் செருப்பில் "டயாபட்டிக்" ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கான உண்மையான எம்.சி.ஆர். (மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பில் மேல்தட்டைக் கட்டை விரலால் அமுக்கினால் அமுங்கி மேலே வரும். அடிப்பாகம் முள் ஏறாத அளவு கெட்டியாக இருக்கும். பின்வார் இருக்கும். ஆணி அடித்திருக்காது, பசையில் ஒட்டித் தைத்திருப்பார்கள். உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பழனி நடை இந்த வருடம் வேண்டாம். செருப்போடு நடந்தாலும் ஆணி மேல் விழும் அழுத்தம் புண்ணாக்கிவிடும். மாலையைக் கழற்றச் சொல்லி அவரோடு சண்டை போடாதீர்கள், பஸ்ஸில் கூட்டிப் போங்கள். படி ஏற விடாமல் விஞ்ச்சில் ஏற்றுங்கள். பிரகாரத்தில் வெயில் ஏறுவதற்கு முன், தடித்த பருத்தி சாக்ஸோடு தரிசனம் முடியட்டும். ராத்திரி திரும்பியதும் கால் வலி போக வெந்நீரில் வைக்க மட்டும் விடாதீர்கள். சூடு அவருக்குத் தெரியாது. சாதாரணத் தண்ணீரில் கழுவி, விரல் இடுக்குகளைத் துடைத்துவிட்டு, அந்த ஆணியை மறுபடி ஒருமுறை பாருங்கள்.