கடலூரின் ஆறுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

காவிரி இல்லையென்றால் கும்பகோணம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் கடலூரிலும் கெடிலம், பெண்ணையாறு, உப்பனாறு எல்லாம் ஓடுகின்றன. ஆனால் வெள்ளம் வந்தால்தான் அவற்றின் நினைவே வருகிறது. இந்த ஆறுகளால் ஊருக்குக் கிடைத்தது என்ன?

– மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? ஓ.டி.க்காரர்கள் (ஓல்டு டவுன், அதாவது முதுநகர்) உங்களை வெளியூர்க்காரராகப் பார்ப்பதே ஆற்றால்தான். கெடிலத்துக்கு வடக்கே வெள்ளைக்காரன் காலத்துக் கலெக்டர் அலுவலகம். தெற்கே திருப்பாப்புலியூர், கோயிலும் கடைவீதியுமாக. இன்னும் தெற்கே உப்பனாற்றங்கரையில் முதுநகரும் துறைமுகமும். ரயில் நிலையமே இரண்டு. ஒரே ஊர் என்பது மாநகராட்சிக் கணக்கில்தான்.

துறைமுகமும் ஆற்றை நம்பித்தான் நடந்தது. கப்பல் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள்தான் முகத்துவாரம் வழியாகச் சரக்கு ஏற்றி இறக்கும். கெடிலம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை 1690-ல் ஆங்கிலேயர் மராட்டியரிடம் வாங்கினார்கள். 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும் கிளைவ் தப்பி வந்து சேர்ந்தது இங்கேதான். 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்கு இதுவே தலைமையிடம்.

எனக்கென்னவோ கோட்டையைவிட அப்பர் கதைதான் பிடிக்கும். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டவர் கெடிலம் வழியாக மிதந்து வந்து கரையேறியது கரையேறவிட்டகுப்பத்தில் என்பார்கள். அங்கே போய்க் கெடிலத்தைத் தேடினால் கிடைக்காது, அது வடக்கே தள்ளி ஓடுகிறது. முன்பு பாடலீஸ்வரர் கோயிலுக்குத் தெற்கே ஓடிய ஆறு மாணிக்கவாசகருக்காக வடக்கே விலகியது என்கிறது தலபுராணம். அதை அப்படியே நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆறு தடம் மாறியதை ஊர் கதையாகவாவது நினைவில் வைத்திருக்கிறதே!

அப்புறம், தை 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவை எப்படி மறந்தீர்கள்? சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் பெண்ணையாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வருகின்றன. சனம் மணலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டு, சுருளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறது. தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஆடிப்பெருக்கு என்றால் நமக்கு இது.

வெள்ளம் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். பெண்ணையாறு கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மழையையெல்லாம் வாரிக்கொண்டு இங்கே வருகிறது. 2024 பெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணை திறந்ததும் கரையோரக் குடியிருப்புகள் மூழ்கின. நம்முடையது கடைமடை ஊர். அந்தத் தாழ்ந்த நிலத்தில் மனை போட்டு விற்றவர்களையும், அதற்கு அனுமதி கொடுத்தவர்களையும் விட்டுவிட்டு ஆற்றைத் திட்டுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.