84 டெஸ்ட்டும் ஒரு குறட்டையும்

கேள்வி: எனக்கு 58 வயது, கணவருக்கு 63. நங்கநல்லூரில் இருக்கிறோம். சுத்த சைவம். பிள்ளை ஆன்லைனில் பணம் கட்டி எங்கள் இருவருக்கும் 84 டெஸ்ட் கொண்ட 'ஃபுல் பாடி செக்கப்' எடுக்க வைத்தான். அவருக்கு எல்லாம் நார்மல். எனக்கு ஆறு எண்கள் தடித்த எழுத்தில் வந்திருக்கின்றன: ஹெச்பிஏ1சி 6.1, ஹீமோகுளோபின் 10.4, பி12 குறைவு, இன்னும் மூன்று. முழங்கால் வலிக்கு அடிக்கடி மாத்திரை போடுவேன், வேறு மருந்து கிடையாது. ரிப்போர்ட் வந்ததிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. பக்கத்தில் அவர் குறட்டை விட்டுத் தூங்குகிறார். அரிசியை விட்டுவிடவா? மாதாமாதம் டெஸ்ட் எடுக்கவா? நோய் நொடியில்லாமல் வயதாக வழி சொல்லுங்கள்.

பதில்: சகோதரி, ரிப்போர்ட்டின் ஓரத்தில் 'நார்மல்' என்று ஓர் எல்லை போட்டிருக்கிறதே, பெரும்பாலான டெஸ்ட்டுகளுக்கு அதை எப்படி வகுக்கிறார்கள் தெரியுமா? ஆரோக்கியமான 100 பேரில் 95 பேர் உள்ளே அடங்கும்படி கோடு கிழிப்பார்கள். மீதி 5 பேர் ஒரு நோயும் இல்லாமலே கோட்டுக்கு வெளியே நிற்பார்கள். 84 டெஸ்ட் எடுத்தால் கல்லுக்குண்டு மாதிரி இருப்பவருக்கும் மூன்று, நான்கு எண்கள் தடித்து வரத்தான் செய்யும். உங்கள் கணவருக்கு ஒன்றுகூட வராததுதான் எனக்கு ஆச்சரியம். நீங்கள் அனுப்பிய நகலில் அந்த 'இன்னும் மூன்று' மயிரிழையில் எல்லை தாண்டியவை. அவற்றுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மற்ற மூன்றையும் அப்படி விட முடியாது. அவற்றைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளில் அதில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் ஹெச்பிஏ1சி காட்டுகிறது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். ஆனால் இரும்புச்சத்துக் குறைந்து ரத்தசோகை வந்தவர்களுக்கு இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். ஆகவே உங்கள் 6.1-ஐ அப்படியே நம்பிவிடாமல், வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை பாருங்கள்.

எனக்குக் கவலை தருவது அந்த ஹீமோகுளோபின் 10.4 தான். பெண்களுக்கு 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை. 58 வயதில் மாதவிலக்கு நின்றிருக்கும். அப்புறம் ரத்தம் எங்கே போகிறது? வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி, கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிய வைக்கும். குடலில் வேறு காரணமும் இருக்கலாம். மருந்துக்கடையில் டானிக் வாங்கிக் குடித்து எண்ணை ஏற்றிவிட்டால் காரணம் மறைந்துபோகும். இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்துக் கையிருப்பு) டெஸ்ட்டும் மலப் பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். பி12 விஷயம் எளிது. கீரையில் அது கிடையாது. சைவக்காரர்களுக்குப் பால், தயிர்தான் வழி. குறைந்துவிட்டால் மாத்திரையோ ஊசியோ மருத்துவர் சொல்வார்.

அரிசியை விட வேண்டாம், தட்டில் இடத்தை மாற்றுங்கள். மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி என்றால் புரதம் ஆறேழு கிராம் தேறும். 60 கிலோ எடையுள்ளவருக்கு, சிறுநீரகம் சரியாக இருந்தால், நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். வயதாக ஆகத் தசை கரையும், மாடிப்படி ஏறும்போது அது தெரியும். ஒரு கிண்ணம் வெந்த கொண்டைக்கடலையில் சுமார் 14 கிராம் புரதம் இருக்கிறது. நவராத்திரி ஒன்பது நாள் அக்கறையாகச் சுண்டல் பண்ணிவிட்டு மீதி வருஷமெல்லாம் நாலு மணிக்கு முறுக்கு கடிக்கிறோம்! அந்த முறுக்கு இடத்தைச் சுண்டலுக்குக் கொடுங்கள். மதியம் குழம்புச் சாதத்தைப் பாதியாக்கி, பொரியலையும் கூட்டையும் முதலில் போட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு டம்ளர் டபராவைத் தூக்குபவரா நீங்கள்? காபி, உணவிலிருந்து வரும் இரும்புச்சத்தைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், தட்டில் எலுமிச்சை பிழியுங்கள். (பூங்கா வாசல் அருகம்புல் ஜூஸ் குடிக்கலாமா என்று கேட்காத முதல் நங்கநல்லூர்க்காரர் நீங்கள், நன்றி.)

தூக்கம் ஏழு மணி நேரமாவது வேண்டும். சில ராத்திரிகள் சரியாகத் தூங்காவிட்டாலே இன்சுலின் சரியாக வேலை செய்யாது. சர்க்கரைக்குப் பயந்து விழித்திருப்பது சர்க்கரைக்கே உரம் போடுவது மாதிரி. காபியின் வீரியம் பாதி குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும், அதனால் மூன்று மணிக்கு மேல் வேண்டாம். ராத்திரி டிபனை சீரியலுக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

மாதாமாதம் டெஸ்ட் தேவையில்லை. சிவப்பணுவின் ஆயுள் கணக்குப்படி மூன்று மாதத்துக்குள் ஹெச்பிஏ1சி பெரிதாக மாறாது. ஹீமோகுளோபினை எப்போது பார்ப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு முறை சர்க்கரை, ரத்த அணுக்கள், கொழுப்பு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், பி12 போதும். எப்போதும் ஒரே லேபில் எடுங்கள். பி.பி., சர்க்கரை பார்க்க உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமே போதும், காசு கிடையாது.

கடைசியாக, 84 டெஸ்ட்டிலும் நார்மல் வாங்கிய உங்கள் கணவர். குறட்டையை எந்த ரத்த டெஸ்ட்டும் காட்டாது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா, பகலில் பேப்பர் படித்தபடியே கண்ணயர்கிறாரா என்று கவனியுங்கள். அப்படியிருந்தால் அது பி.பி.க்கும் இதயத்துக்கும் ஆகாது. மூன்று மணிக்கு விழித்துப் போனில் ரிப்போர்ட்டைத் திறந்து பார்ப்பதற்குப் பதில், அந்தக் குறட்டையை இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துப்போய்ப் போட்டுக் காட்டுங்கள்.