பிரேக்கில் ரேஸ் பேடும் துளையிட்ட டிஸ்க்கும் தேவையா?

கேள்வி: தினமும் ஆபீசுக்கு ஓட்டும் காரில், எப்போதாவது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கும் போகிறேன். பிரேக்கில் ரேஸ் பேடும் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) துளையிட்ட டிஸ்க்கும் போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ரேஸ் பேட் சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும்; காலையில் முதல் சிக்னலிலேயே ஆபத்து. சாலை, டிராக் இரண்டையும் தாங்கும் பேட் வாங்குங்கள். துளையிட்ட டிஸ்க்கில் துளையோரம்தான் முதலில் விரிசல் விடும். துளையில்லாத, நடுவே காற்றோடும் டிஸ்க்கே போதும்.

பலர் மறப்பது பிரேக் ஆயிலை. டாட் 4 ரக ஆயில் புதிதில் 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காது. ஈரம் ஏறினால் 155-லேயே கொதிக்கலாம், பெடல் தரைவரை போய்விடும். டிராக்குக்கு முன் மாற்றிவிடுங்கள்.

புதுப் பேடைப் பழக்க, வெறிச்சோடிய சாலையில் 100 கி.மீ. வேகத்திலிருந்து 20-க்கு எட்டுப் பத்து முறை குறையுங்கள். முழுதாக நிறுத்தாதீர்கள்; சூட்டோடு மிதித்தபடி நின்றால் பேடின் படிவு டிஸ்க்கில் திட்டாக ஒட்டி ஸ்டீயரிங் அதிரும்.