பாதரசம் விஷம் என்று தெரிந்தும் டியூப்லைட், சி.எஃப்.எல். விளக்குகளுக்குப் பாதரசக் கட்டுப்பாட்டிலிருந்து ஏன் விலக்கு கொடுத்தார்கள்? வீட்டில் உடைந்தால் என்ன செய்வது?

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் வீட்டில் ஒன்று உடைந்திருக்கிறது, சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் பத்து நிமிடம் வெளியே இருங்கள். விளக்குமாறு எடுக்காதீர்கள், வேக்குவம் கிளீனரும் வேண்டாம்; பாதரசத்தை அது இன்னும் பரப்பும். கெட்டி அட்டையால் சில்லுகளை அள்ளுங்கள். வெள்ளைப் பொடியை செல்லோடேப்பால் ஒற்றி எடுத்து, ஈரத்துணியால் துடையுங்கள். எல்லாவற்றையும் மூடியுள்ள பாட்டிலில் போட்டு மூடிவிடுங்கள். நடுங்க வேண்டியதில்லை. பழைய காய்ச்சல் தெர்மாமீட்டரில் சுமார் 500 மில்லிகிராம் பாதரசம் இருக்கும், ஒரு சி.எஃப்.எல்.லில் சில மில்லிகிராம்தான்.

சரி, விலக்குக்கு வருகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006 ஜூலை 1 முதல் மின்சாதனங்களில் ஈயம், பாதரசம், காட்மியம் உள்ளிட்ட 6 பொருட்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. எடையில் 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது, காட்மியம் என்றால் 0.01. ஆனால் டியூப்லைட் எரிவதே பாதரச ஆவியால்தான். அந்த ஆவி புற ஊதா ஒளியை விடுகிறது, குழாய்க்குள் பூசிய பொடி அதை வெளிச்சமாக்குகிறது. அன்று அதற்கு மாற்று இல்லை, குண்டு பல்போ மின்சாரத்தை விழுங்கியது. அதனால் உச்ச அளவு வைத்து அனுமதித்தார்கள். 30 வாட்டுக்குக் குறைந்த சி.எஃப்.எல்.லுக்கு முதலில் 5 மில்லிகிராம், 2012-இல் 3.5, 2013-இல் 2.5. எல்.இ.டி. பரவலானதும் விலக்குக்கே காரணம் இல்லாமல் போனது, 2023-இல் சி.எஃப்.எல்.லுக்கும் சாதாரண டியூப்களுக்கும் அங்கே விலக்கு முடிந்தது. நம் நாட்டின் மின்னணுக் கழிவு விதிகள் 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. அதிலும் அதே 2.5 மில்லிகிராம்தான் இருந்தது.

எனக்கு வலிப்பது வேறு இடத்தில். காரைக்குடி, கானாடுகாத்தான், கொத்தமங்கலம் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகளில் வயரிங் செய்கிறவன் நான். ஒரு வீட்டில் படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) முன்னால் முகப்பு, வளவு (நடு முற்றக் கூடம்), இரண்டாம் கட்டு எல்லாவற்றிலும் எல்.இ.டி. போட்டுக் கொடுத்தேன். கழற்றிய டியூப்கள் பின்கட்டில் குவிந்துவிட்டன. எல்லாம் பழைய தடித்த டியூப்கள், அவற்றில் பாதரசமும் கூடுதல். சாக்கில் அடங்கவில்லை என்று வேலையாள் கம்பியால் அடிக்கப் போனார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். பத்தடி தள்ளி ஆச்சி பந்திக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். "ஏன் தம்பி, கண்ணாடிதானே?" என்றார்கள். விளக்கிச் சொன்னதும் பேரப்பிள்ளைகளை முதல் ஆளாக உள்ளே அனுப்பியது அவர்கள்தான்.

அப்புறம் அந்தக் குவியலை எங்கே கொண்டுபோவது? விற்ற கடை வாங்கவில்லை. காயலான் கடைக்காரருக்கு அலுமினிய மூடி மட்டும் போதும். கண்ணாடியை அங்கேயே உடைப்பார். உற்பத்தியாளரே திரும்பச் சேகரிக்க வேண்டும் என்று 2016 மின்னணுக் கழிவு விதிகள் சொல்லியிருந்தன. மறுசுழற்சியாளர் இல்லாத இடத்தில் அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்பவும் வழி சொல்லியிருந்தன. விலக்கு மட்டும் கடைசிக் கிராமம் வரை வந்தது, சேகரிப்பு வரவில்லை. அட்டைப் பெட்டிகளில் நிமிர்த்தி அடுக்கி, ஆள் நடமாட்டமில்லாத அறையில் பூட்டி வைத்தோம்.

"எல்.இ.டி. விற்கத்தானே இதைச் சொல்கிறாய்?" என்று சிலர் எழுதுவார்கள். எனக்குக் கடை கிடையாது, கூலி மட்டும்தான். நன்றாக எரியும் டியூபைக் கழற்றவும் சொல்லவில்லை. உடையாமல் எரிகிற வரை அது யாரையும் ஒன்றும் செய்யாது.

அதே வீட்டில் சென்னையிலிருந்து வந்த பங்காளி ஒருவர், வளவில் தொங்கும் பெல்ஜியம் சரவிளக்கில் ஈயம் இருக்கிறது, இறக்கி விற்றுவிடலாம் என்றார். படிகக் கண்ணாடிக்குள் பிணைந்த ஈயத்துக்கு ஐரோப்பிய விதியிலேயே விலக்கு உண்டு. உத்தரத்தில் தொங்கும் கண்ணாடியிலிருந்து ஈயம் இறங்கி வராது. விதியும் புதிதாகச் சந்தைக்கு வரும் பொருளுக்குத்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு இப்படி எத்தனை வீட்டுச் சரவிளக்குகள் போய்விட்டன! கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் பாட்டிலைக் குப்பை வண்டியில் கலந்து போடாதீர்கள். 2016 திடக்கழிவு விதிகள் டியூப்லைட், சி.எஃப்.எல். இரண்டையும் வீட்டு அபாயக் கழிவு என்றே சேர்த்திருந்தன. தனியாகக் கொடுங்கள், உள்ளே என்ன என்று எழுதி ஒட்டுங்கள். வாங்க மறுத்தால் நகராட்சி சுகாதார ஆய்வாளரிடம் எழுத்தில் கேளுங்கள். காரைக்குடிப் பக்கம் யாராவது அப்படிக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், பூட்டி வைத்த பெட்டிகளை நானே ஏற்றிவந்து தருகிறேன்.