அம்மா ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. அடுத்த மாதம் முதல் முறையாக விமானத்தில் போகிறார். அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அவள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வருவார். ஒன்பது மணி நேரப் பயணம், இரவு விமானம், தனியாகத்தான் போகிறார். வேடிக்கை பார்த்துக்கொண்டு போகட்டும் என்று கூடுதல் பணம் கட்டி ஜன்னல் ஓர இருக்கை வாங்கியிருக்கிறேன். அன்று எனக்கு அலுவலகத்தில் முக்கியமான கூட்டம் என்பதால் விமான நிலையத்துக்கு டாக்சியும் ஏற்பாடு செய்தாகிவிட்டது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி ஆரோக்கியம். ஆனால் பயம் மட்டும் போகவில்லை. இப்போதே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துப் பழகுகிறார், விமானத்தில் எழுந்திருக்க வேண்டிய தேவையே வரக் கூடாதாம்! வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டோம். விமானம் எவ்வளவு பாதுகாப்பானது என்று புள்ளிவிவரங்களோடு எழுதினால் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். ஏறியதும் ஒரு தூக்க மாத்திரை போட்டுக்கொண்டால் தூங்கிக்கொண்டே போய்விடலாம் என்று நண்பர் சொல்கிறார். கொடுக்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, நீங்கள் கேட்ட புள்ளிவிவரத்தை நான் தரப் போவதில்லை. முதல் விமானப் பயணம் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இதைத்தான் கேட்கின்றன. கேட்பவர் பெரும்பாலும் பயணம் போகிறவராக இருப்பதில்லை, அனுப்பிவைக்கிறவராகவே இருக்கிறார். விமானம் விழுந்துவிடுமோ என்று அம்மா அஞ்சுவதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. திரும்பப் படித்துப் பாருங்கள். அது நீங்களாக அவர் தலையில் ஏற்றிய பயம். அவருடைய சொந்தப் பயம் எது என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியைப் போட்டு.

தண்ணீர். பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே ஒரு வயதான பெண்மணி தாகத்தை அடக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்து ஒரு வீடே சிரித்திருக்கிறது. ஏனம்மா இப்படிச் செய்கிறாய் என்று கேட்க அந்த வீட்டில் ஓர் ஆள் இல்லை!

அவர் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். ஜன்னல் ஓரம். பக்கத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர். விளக்கை அணைத்துவிட்டார்கள், இருவரும் தூங்குகிறார்கள். போக வேண்டுமென்றால் இருவரையும் எழுப்ப வேண்டும், அவர்கள் முழங்காலைத் தாண்ட வேண்டும், இருட்டில் நடக்க வேண்டும், எப்படித் திறப்பது என்றே தெரியாத ஒரு கதவின் முன்னால் போய் நிற்க வேண்டும். பின்னால் வரிசை. உள்ளே போனால் தாழ்ப்பாள் எது, தண்ணீர் எங்கே, வெளியே வர முடியுமா என்று எதுவும் தெரியாது. கேட்கக் கூச்சம். இத்தனையையும் தவிர்க்க ஒரே வழி குடிக்காமல் இருப்பதுதான் என்று முடிவு செய்திருக்கிறார். நீங்கள் வாங்கிக் கொடுத்த இருக்கைக்கு அவர் போட்ட கணக்கு சரியானதுதான். கூடுதல் பணம் கட்டி அம்மாவைச் சுவரோரம் அடைத்து வைத்திருக்கிறீர்கள். அதுவும் இரவு விமானத்தில், ஒன்றும் தெரியாத ஜன்னலுக்காக!

இதில் சிரிக்க எதுவும் இல்லை என்பதற்குக் காரணம் சொல்கிறேன். விமானம் 35,000 அடி உயரத்தில் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பதுபோல் இருக்காது. ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமமாகத்தான் வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து எடுக்கும் காற்றில் ஈரமே கிடையாது என்பதால் உள்ளே ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். வாய் உலரும், கண் எரியும், மூக்கு காயும். இந்தக் காற்றில் ஏற்கெனவே தண்ணீரைக் குறைத்துக்கொண்ட உடம்போடு ஒருவர் ஒன்பது மணி நேரம் உட்காருகிறார். எழுந்தவுடன் தலை சுற்றும், அல்லது இறங்கிய பிறகு நீர்க்கடுப்பு வரும். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஒத்தாசைக்குப் போகிறவர், போய் இறங்கிய கையோடு மருத்துவரைத் தேட வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. தண்ணீர் குடிக்காதவர் எழுந்திருக்கவும் மாட்டார். புள்ளிவிவரம் கேட்டீர்களே, இதை வைத்துக்கொள்ளுங்கள்: நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. அப்படி ஆனாலும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது, பீதியடைய வேண்டியதில்லை. ஆனால் அது உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாதவர்களைத் தேடி வருகிற தொல்லை. வயதும் அதற்குத் துணைபோகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து கழிவறைக்குப் போய்வருகிற அம்மா, தம்மை அறியாமலே தம் கால்களைக் காப்பாற்றிக்கொள்கிறார்.

தூக்க மாத்திரைக்கும் இதே பதில்தான்: கூடாது. அசையாமல் கிடக்க வைக்கும், பாதித் தூக்கத்தில் எழுந்தால் தடுமாறி விழ வைக்கும். விமானம் கீழே இறங்கும் நேரத்தில்தான் காது அடைத்து வலிக்கும். அப்போது விழித்திருந்து எச்சிலை விழுங்கினால் சரியாகும், தூங்குகிறவர் விழுங்க மாட்டார். ஏற்கெனவே வேறு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, மருத்துவரைக் கேட்காமல், நண்பர் சொன்னதை வைத்து எதையாவது கொடுப்பீர்களா? அம்மா தொந்தரவு செய்யாமல் போய்ச் சேர வேண்டும் என்று அம்மாவே நினைக்கிறார். நீங்களும் அதையே நினைத்து அதற்கு ஒரு மாத்திரையும் தேடுகிறீர்கள்.

மாத்திரை என்றதும் ஒரு சந்தேகம். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மருந்துகளில் சில, சிறுநீரை அதிகம் பிரியச் செய்பவை. உங்கள் அம்மா சாப்பிடுவது அந்த வகையா என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த வகை என்றால், பயணத்தன்று அதையும் விழுங்காமல் விட்டுவிடலாம் என்று அவர் முடிவு செய்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தண்ணீர் விஷயமாவது உங்களுக்குத் தெரிந்தது. இதைச் சொல்லவே மாட்டார். மருத்துவரிடம் அழைத்துப் போய், அன்றைய மாத்திரையை எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், மருந்துச் சீட்டோடு. பெரிய பெட்டியில் போடாதீர்கள். பெட்டி ஓர் ஊருக்கும் ஆள் ஓர் ஊருக்கும் போய்ச் சேர்வது நடக்காத காரியம் அல்ல.

இப்போது வேலையைச் சொல்கிறேன். இன்றைக்கே விமான நிறுவனத்தைத் தொடர்புகொண்டு நடைவழி ஓர இருக்கைக்கு மாற்றுங்கள், கழிவறையிலிருந்து நாலைந்து வரிசை தள்ளி. கட்டிய பணம் போனால் போகட்டும். அதே அழைப்பில் சக்கர நாற்காலி உதவியும் கேளுங்கள். பொதுவாக 48 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். அம்மா வேண்டாம் என்பார், நன்றாக நடக்கிறேனே என்பார். நடக்க முடிந்தவர்களும் கேட்கலாம் என்று சொல்லுங்கள். நாற்காலியைவிட அதைத் தள்ளிக்கொண்டு வருபவர்தான் முக்கியம். பாதுகாப்புச் சோதனை, குடியேற்றப் பிரிவு, விமானத்தின் வாசல் என்று எல்லா இடத்துக்கும் வழி தெரிந்த ஒருவர் கூடவே இருப்பார். இறங்கும் இடத்திலும் அப்படித்தான்.

அடுத்தது உங்களுக்குக் கஷ்டமான வேலை. அம்மாவோடு உட்கார்ந்து விமானக் கழிவறையைப் பற்றிப் பேசுங்கள். நீங்கள்தான் பேச வேண்டும். மனைவியிடம் தள்ளிவிடாதீர்கள், அக்காவைத் தொலைபேசியில் பேசச் சொல்லாதீர்கள். இதெல்லாம் பெண்கள் பேசிக்கொள்வது என்று ஒதுங்குகிற மகன்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். உங்கள் ஈரத் துணியை நடுச்சாமத்தில் மாற்றியபோது உங்கள் அம்மா கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை. பெற்றவளின் உடம்பைப் பற்றிப் பேச நாக்கு எழாத மகன், டிக்கெட் எடுத்துக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைப்பதை என்னால் ஏற்க முடியாது.

என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் இதைச் சொல்லுங்கள். கழிவறைக் கதவு பல விமானங்களில் நடுவில் மடங்கும். இழுக்கக் கூடாது, நடுவில் கையை வைத்துத் தள்ள வேண்டும். உள்ளே போனதும் விளக்கு மங்கலாக இருக்கும். தாழ்ப்பாளை நகர்த்தினால்தான் நன்றாக எரியும், ஆள் இருப்பதும் வெளியே தெரியும். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும் அமைப்பு அங்கே இல்லை; பொத்தானை அழுத்தினால் காற்று உறிஞ்சி இழுத்துக்கொள்ளும். அப்போது வரும் சத்தத்தில் முதல் முறை போகிறவர் யாராக இருந்தாலும் தூக்கிவாரிப்போடும். மூடியைக் கவிழ்த்துவிட்டு அழுத்தச் சொல்லுங்கள். உள்ளே சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்பார். பணியாளர்களால் வெளியிலிருந்தே திறக்க முடியும், மாட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. பெல்ட் போடச் சொல்லும் விளக்கு எரியும்போது எழுந்திருக்கக் கூடாது. சாப்பாட்டு வண்டி வந்துவிட்டால் வழி அடைபட்டுவிடும், அதற்கு முன்னால் போய்வந்துவிடுவது நல்லது. இறங்குவதற்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது, தேவை இருக்கிறதோ இல்லையோ, ஒரு முறை.

குடிக்கும் தண்ணீர் பற்றியும் ஒரு குழப்பம் வரும். பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லிக்கு மேல் திரவம் இருந்தால் பல நிலையங்களில் எடுத்துவிடுவார்கள். 2006இல் வந்த கட்டுப்பாடு. அதைப் பார்த்துவிட்டு, விமானத்தில் தண்ணீரே ஆகாது போலிருக்கிறது என்று அம்மா நினைத்துக்கொள்வார். காலி பாட்டில் கொண்டுபோகலாம், சோதனை முடிந்ததும் நிரப்பிக்கொள்ளலாம். உள்ளேயும் கேட்டால் கொடுப்பார்கள். மணிக்கு ஒரு முறை சில மடக்கு குடித்தால் போதும், மொத்தமாகக் குடிக்க வேண்டியதில்லை.

அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. மகன் இதைப் படித்துக் காட்டுவார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அம்மா, பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வழிவிடுவது உங்களுக்குச் செய்கிற தர்மம் அல்ல. அவரும் போக வேண்டியவர்தான், அப்போது நீங்கள் எழுந்து நிற்பீர்கள். தலைக்கு மேலேயோ கைப்பிடியிலேயோ ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் பணியாளர் வருவார். அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த வேலைக்காகத்தான் அங்கே இருக்கிறார். யாருக்கும் தொந்தரவு இல்லாமல் வாழ்ந்தேன் என்று நம் தலைமுறைப் பெண்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பெருமையை உடம்பு சரியில்லாமல் போனபின் பெற்ற பிள்ளைகள் தலையில் கட்டுகிறோம். பேத்தியோ பேரனோ, தூக்கிக் கொஞ்ச வேண்டிய கையில் ஊசி குத்திக்கொண்டு படுத்திருக்காதீர்கள். இன்றிலிருந்து பழையபடி தண்ணீர் குடியுங்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். டிக்கெட்டில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கிளம்பியதும் அடியில் தட்டென்று ஒரு சத்தம் கேட்கும், சக்கரத்தை உள்ளே இழுக்கிறார்கள். சற்று நேரத்தில் எஞ்சின் சத்தம் குறையும், நின்றுபோகவில்லை, ஏறும் வேகத்தைக் குறைக்கிறார்கள். நடுவில் குலுங்கும், உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் பெல்ட்டைப் போட்டிருந்தால் போதும். செருப்பு தளர்வாக இருக்கட்டும், கால் சற்று வீங்கும். அக்காவின் வீட்டு முகவரியும் எண்ணும் காகிதத்தில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். கைபேசி சார்ஜ் தீர்ந்துபோனால் அதில் இருக்கும் எண்ணால் பயனில்லை.

டாக்சியை ரத்து செய்ய வேண்டாம், நீங்களும் அதில் ஏறுங்கள். கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்ல உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. வழியனுப்ப வருகிறவர்களை எந்த இடம் வரை விடுகிறார்களோ அந்த இடம் வரை போங்கள். சக்கர நாற்காலிக்காரர் வந்து அம்மாவைப் பொறுப்பேற்றுக்கொண்ட பிறகு, போர்டிங் பாஸை வாங்கி, இருக்கை நடைவழி ஓரம்தானா என்று நீங்களே ஒரு தடவை பார்த்துவிட்டு அலுவலகம் போகலாம்.