காலர் கழுத்துக்குப் பழகும் வரை

கேள்வி: புது மாட்டுத்தோல் ஜாக்கெட். காலர் அட்டை மாதிரி விறைத்து நிற்கிறது. வெந்நீரில் நனைத்தால் படிந்துவிடும் என்கிறார்களே, செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்த இழைகள் சுருங்கிவிடும், திரும்ப நீளாது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் 70, 80 டிகிரி செல்சியஸிலேயே கெட்டுப்போகும். குரோமியத்தில் பதனிட்டது இன்னும் தாங்கும். ஆனால் காலருக்குள் பசை போட்டு ஒட்டிய துணி இருந்தால், அது கழன்று கொப்புளம் கொப்புளமாக எழும். என் முதல் ஜாக்கெட்டில் ஹேர் டிரையரைக் காட்டிக் காலரை நெளியவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

புதுச் செருப்பைப் பழக்குவதுபோல்தான் இதுவும். வீட்டில் தினம் ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு உங்கள் வேலையைப் பாருங்கள். உடம்புச் சூடு இதமாக வேலை செய்யும். கழற்றியதும் மடிப்பு விழவேண்டிய இடத்தைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிக்கொடுங்கள். நறுக்கென்று மடித்து அழுத்தினால் மேல்பூச்சு வெடிக்கும்.

இரண்டு மூன்று வாரமாகியும் முரண்டு பிடித்தால், பிழிந்த ஈரத்துணியால் காலரின் அடிப்பக்கத்தை மட்டும் ஒற்றுங்கள். சொட்டக் கூடாது. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு காலரை வேண்டியபடி படியவைத்து அரை மணி இருங்கள். அப்புறம் அகலமான ஹேங்கரில் மாட்டி, காலர் மடிப்புக்குள் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து நிழலில் உலரவிடுங்கள்.

கேள்வி: ஒரு பக்க முனை மட்டும் மேலே சுருள்கிறது. கிளிப் போடட்டுமா?

பதில்: கிளிப்பின் தடம் அப்படியே பதிந்துவிடும். மெல்லிய துணி போர்த்தி, மேலே கனமான புத்தகம் வைத்து ஓரிரு இரவு விடுங்கள். 1931-இல் வந்த அமெரிக்க விமானிகளின் ஏ-2 ஜாக்கெட்டில் காலர் முனைக்கு அடியில் பிரஸ் பட்டன் ஒளிந்திருக்கும். முனை படபடக்காமல் பிடித்துக்கொள்ளும் அருமையான ஏற்பாடு அது. நீங்களும் வைக்கலாம், ஆனால் தையல்காரரிடம் இடத்தைத் தீர்மானமாகக் காட்டுங்கள். தோலில் ஊசி போட்ட ஓட்டை மூடாது.

கேள்வி: எண்ணெய் ஊறவைத்தால் சீக்கிரம் இளகுமா?

பதில்: இளகும், தொளதொளவென்றும் ஆகிவிடும், நிறமும் கறுக்கும். தோலுக்கான கண்டிஷனரைத் துணியில் தொட்டு மெல்லிசாக ஒரு முறை தடவினால் போதும். சமையல் எண்ணெய் நாளாக ஆகக் காறல் வாடை அடிக்கும்.

கேள்வி: என்னுடையது ரெக்ஸின். இதெல்லாம் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. அது துணிமேல் பூசிய பிளாஸ்டிக். வளைக்க வளைக்க உரியத்தான் செய்யும்.

கேள்வி: பழகும்வரை கழுத்து சிவந்து எரிகிறதே?

பதில்: மெல்லிய பட்டு அல்லது பருத்தித் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளுங்கள். திறந்த விமானங்களில் ஓயாமல் தலையைத் திருப்பிப் பார்க்கவேண்டியிருந்த அந்தக்கால விமானிகள் பட்டு ஸ்கார்ஃப் கட்டியது இந்த உராய்வுக்காகத்தான். வியர்வையும் தலை எண்ணெயும் காலரில் இறங்காமலும் அது தடுக்கும்.