கணிதத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டே வகுப்பும் எடுத்தால் ஆராய்ச்சி பின்தங்கிவிடாதா?

பின்தங்கும், என்னுடையது பின்தங்கியது. உங்களைத் தேடிப் பகுதிநேர வகுப்பு ஒன்று வந்திருக்கிறது என்றும், நெறியாளர் முகம் சுளிக்கிறார் என்றும் ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் மொரீசியசில், ரோஸ் ஹில்லில் வளர்ந்தவன். சென்னையில் இளங்கலை முடித்து ஊர் திரும்பி, பகுப்பாய்வியலில், அதாவது எல்லை, தொகையீடு போன்றவற்றை ஆராயும் கணிதப் பிரிவில், ஆய்வு செய்துகொண்டே இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். சந்தேகம் மட்டும் இங்கே வீட்டிலும் தெருவிலும் பேசுகிற கிரியோல் மொழியில்தான் வரும்.

ஒரு பிப்ரவரியில் பலகையில் முக்கோணம் ஒன்றை வரைந்தேன்: அடிப்பக்கம் 0 முதல் 2/ந வரை, உயரம் ந; ந என்பது 1, 2, 3 என்று வளரும் எண். முக்கோணத்தின் மேல்விளிம்புதான் சார்பின் வரைபடம், அடிப்பக்கத்துக்கு வெளியே சார்பு 0. ந வளர வளர முக்கோணம் ஒடுங்கி ஓங்கும். பரப்பு மட்டும் எப்போதும் 1. ஆனால் எந்தப் புள்ளியை எடுத்தாலும், ஒரு கட்டத்துக்குப் பின் அங்கே சார்பின் மதிப்பு 0 ஆகிவிடுவதால், எல்லைச் சார்பு, அதாவது ந வளர வளர இவை நெருங்கிச் செல்லும் சார்பு, 0, அதன் பரப்பும் 0. கடைசி வரிசை மாணவி ஒருத்தி, "அந்த ஒன்று கொட் லின் அலே, சர்?" என்றாள், எங்கே போயிற்று என்று கேட்கிறாள். எல்லை காண்பதையும் தொகையீட்டையும் (பரப்பு காண்பதையும்) நினைத்தபடி இடம் மாற்றக் கூடாது, எல்லாச் சார்புகளுக்கும் மேலே நின்று மூடுகிற, முடிவுள்ள பரப்புடைய ஒரு சார்பு இருந்தால் மாற்றலாம், இங்கே அப்படி ஒன்று கிடையாது என்று விளக்கினேன். விளக்கும்போதே வயிற்றைக் கலக்கியது. என் ஆய்வேட்டின் நான்காம் துணைத் தேற்றத்தில் அதே இடமாற்றத்தை, "எளிதில் காணலாம்" என்று எழுதித் தாண்டி வந்திருந்தேன்.

மறுநாள் மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை. தீவு கதவடைத்துக் கிடக்க, சன்னல்களைத் தாழிட்டுவிட்டு அந்தப் பக்கத்தோடு உட்கார்ந்தேன். புதிதாக ஒரு நிபந்தனை சேர்த்து நிறுவி முடிக்க 7 வாரம் ஆயிற்று. தேற்றம் சற்று மெலிந்தாலும் பிழைத்துக்கொண்டது.

கற்பித்தால் ஆராய்ச்சி தானாக வளரும் என்று நான் பிரசாரம் செய்வதாகச் சிலர் சண்டைக்கு வரக்கூடும். அப்படிச் சொல்லவில்லை, அந்த ஓட்டையை நானே முன்பு கண்டிருக்க வேண்டும் என்பதும் தெரியும். என் மனக்குறை வேறு. சம்பளம் வகுப்பறையில் நிற்கும் மணிக்கு மட்டுந்தான். 90 விடைத்தாள், தாளுக்கு 10 நிமிடம் என்றாலே 15 மணி நேரம். அதற்குச் சல்லிக்காசு கிடையாது. கேட்டதற்கு, அது உங்களுக்கு அனுபவம் அல்லவா என்றார்கள்.

ஆகவே, வகுப்பை ஏற்பதானால் உங்கள் ஆய்வுக்கு ஒட்டிய பாடமாகக் கேளுங்கள். திருத்தும் நேரத்துக்கும் ஊதியம் உண்டா என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை. இதை எழுதும் மேசையில் இன்னும் 31 தாள்கள் கிடக்கின்றன.